வலது பக்கம் காலி

பெய்ஜிங், வூதாவ்கோவ்
நவம்பர் 2010

அன்புத் தோழி ருவான் ஜியாவுக்கு,

ஷுவே நிங் எழுதுவது. உடம்புக்கு நான் சுகம். மனசுக்கு எப்படி என்பதைக் கடிதம் முடிவதற்குள் நீயே தெரிந்துகொள்வாய். சூரிச் குளிர் உன் மூக்கைப் பாடாய்ப் படுத்தாமல் விட்டிருக்கும் என்று நம்புகிறேன்.

இந்தக் காலத்தில் காகிதத்தில் கடிதமா என்று சிரிப்பாய். சிரி. உங்கள் கம்பெனியின் மின்னஞ்சலைத் திறந்தால் பாதிப் பக்கம் வந்து மூச்சு நின்றுவிடுகிறது. மறுபடி தட்டினால் இணைப்பு அறுந்தது என்கிறது. போன வாரம் உனக்கு நீளமாக எழுதி, அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். அத்தனையும் காற்றோடு போயிற்று. எங்கள் அலுவலக அஞ்சலிலிருந்து எழுத எனக்கு இஷ்டமில்லை. போட்டிக் கம்பெனிக்காரிக்கு இவள் என்ன எழுதுகிறாள் என்று எவனாவது எட்டிப் பார்ப்பான். ஆகவே பேனா. கை வலிக்கிறது, எழுத்தும் கோழி கிளறியதுபோல இருக்கிறது, பொறுத்துக்கொள்.

நம் நூடுல்ஸ் கடை அப்படியே இருக்கிறது. ரயில் கேட் மூடினால் சைக்கிள்காரர்கள் திட்டுவதும் அப்படியே. கடைக்காரம்மா நேற்று, "எங்கேம்மா உன் ஜோடி? சண்டை போட்டுட்டீங்களா?" என்று கேட்டாள். வெளிநாடு போய்விட்டாள் என்றேன். "நல்லாப் படிச்சவங்க எல்லாம் போயிடறாங்க, என்னை மாதிரி வினிகர் ஊத்தறவதான் இங்க கிடக்கறா" என்று சொல்லிவிட்டு எனக்கும் சேர்த்து ஊற்றினாள். நானும் இங்கேதானே கிடக்கிறேன் என்று நினைத்தபடி கிண்ணத்தை இழுத்துக்கொண்டேன்.

உங்கள் கம்பெனி நம் நாட்டில் கடையைக் கட்டுகிறது என்று செய்தி வந்த அன்று எங்கள் மாடியில் என்ன நடந்தது என்று உனக்கு நான் சொன்னதேயில்லை. கைதட்டினார்கள், ஜியா. இயக்குநர் பெங் மேசைமேல் ஏறாத குறை. "இனிமே மைதானம் நம்மது!" என்றார். சாயங்காலம் எல்லோரையும் ஆட்டுக்கறி ஹாட்பாட் சாப்பிட அழைத்துப்போனார். நான் தலைவலி என்று சொல்லிவிட்டு உங்கள் கட்டடத்துக்கு வந்தேன். பெயர்ப் பலகைக்குக் கீழே யாரோ பிள்ளைகள் பூ வைத்திருந்தார்கள், செத்தவர்களுக்கு வைப்பதுபோல. நீ மேலே பெட்டி கட்டிக்கொண்டிருந்திருப்பாய். உன்னைக் கூப்பிடாமல் திரும்பிவிட்டேன். ஜெயித்த பக்கத்திலிருந்து வந்து என்ன சொல்வது?

ஜெயித்த பக்கம்! அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

என் வேலை உனக்குத் தெரியாததல்ல. சாலைக்கு அந்தப் பக்கம் நீயும் அதையேதான் செய்தாய். ஆனாலும் எழுதுகிறேன், எழுதினால்தான் எனக்கு ஆறும். ஒரே கேள்வியை எங்கள் தேடுபொறி வென்லுவிலும் உங்கள் தேடுபொறியிலும் போட்டு, இரண்டு விடைப் பக்கத்தையும் இடதும் வலதுமாக வைத்து, பெயரை மறைத்து, வெளியாட்களிடம் காட்டி, எது உங்களுக்கு உதவுகிறது என்று கேட்போம். அவர்கள் சொல்வதை வியாழக்கிழமைக் கூட்டத்தில் திரையில் போடுவேன். நாங்கள் தோற்ற கேள்விகள் வந்தால் பெங்குக்கு முகம் சிவந்துவிடும். "அடுத்த வாரத்துக்குள்ள இது சரியாகணும், எப்படின்னு எனக்குத் தெரியாது" என்பார். சரியாகிவிடும். எத்தனை பெரிய விளம்பரதாரராக இருந்தாலும் சரி, உங்களிடம் தோற்கிறோம் என்று சொன்னால் கீழே தள்ளிவிடுவார்கள்.

அந்தக் கேள்விகளில் ஒன்று, "குழந்தைக்குக் காது கேட்கவில்லை" என்பது. உங்கள் பக்கத்தில் அரசு மருத்துவமனைகளும், காதுக்குள் கருவி பொருத்தும் சிகிச்சை பற்றிய விளக்கமும் மேலே வந்தன. எங்கள் பக்கத்தில் முதல் வரியிலேயே ஒரு தனியார் சிகிச்சை நிலையம்: அறுவை வேண்டாம், மூலிகையும் ஊசியும் போதும் என்று. விளம்பரம் என்ற சொல் இருந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினால் தெரியும் அளவுக்கு. பார்த்தவர்களில் முக்கால்வாசிப் பேர் உங்கள் பக்கத்தைத்தான் எடுத்தார்கள். நாங்கள் தோற்றோம். அடுத்த வாரமே அந்த நிலையம் கீழே போனது. அன்றைக்குக் கடையில் நீ என் கிண்ணத்திலிருந்து இறைச்சியை எடுத்துச் சாப்பிட்டாய். வேலை பேசக் கூடாது என்பது நம் ஒப்பந்தம். ஆனால் நீ ஜெயித்த வாரங்களில் என் கிண்ணத்தில் கைவைப்பாய், எனக்குத் தெரியாதா?

நீங்கள் போனதும் வியாழக்கிழமைக் கூட்டத்தில் வலது பக்கம் காலி. முதல் மாதம் ஒப்புக்கு நடத்தினோம். பிறகு என் ஆட்களை ஒவ்வொருவராக விளம்பரப் பிரிவுக்கு எடுத்துக்கொண்டார்கள். நான் பெங்கிடம் போய்க் கேட்டேன். மனிதர் கோபப்படவில்லை, அதுதான் எரிச்சல். "ஓடறவன் பின்னாடி யாராவது வந்தாத்தான் திரும்பிப் பார்க்கணும். நமக்குப் பின்னாடி யாருமே இல்லையே, நிங். எதுக்குக் கழுத்து வலிக்கத் திரும்பணும்?" என்றார். சொல்லிவிட்டுத் தேநீர் வேறு ஊற்றிக்கொடுத்தார்.

இப்போது என் பெரியம்மா மகள் ஷுஃபென் விஷயம். பாவ்திங்கிலிருந்து ஒருமுறை வந்து நம் அறையில் தங்கினாளே, பேசிப் பேசி உன்னைத் தூங்கவிடாதவள். அவளுக்கு இரண்டரை வயதில் ஒரு பெண் இருக்கிறாள், மைமை. பேச்சு வரவில்லை என்று கவலைப்பட்டார்கள். பிறகுதான் காதே கேட்கவில்லை என்று தெரிந்தது. அப்போது மே மாதம். ஷுஃபென் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு வேலை அதிகம், தொந்தரவு செய்ய வேண்டாம் என்று தானே தேடியிருக்கிறாள். எதில் என்று நீ கேட்க வேண்டாம்.

அந்த நிலையம் மறுபடி முதல் வரிக்கு வந்திருந்தது.

ஆறு மாதம் அங்கே போயிருக்கிறார்கள். அத்தான் லாரி ஓட்டுகிறவர். குழந்தையையும் இவளையும் லாரியிலேயே ஏற்றிக்கொண்டு போவாராம். "நரம்பு செத்துப்போகலம்மா, தூங்குது. எழுப்பிடலாம்" என்று அங்கே வெள்ளைக் கோட்டு போட்டவன் சொன்னானாம். எழுப்புவதற்காகக் காதுக்குள் மருந்து ஊற்றினார்கள், பின்கழுத்தில் ஊசி குத்தினார்கள். போன வாரம் காதில் சீழ் வைத்துக் குழந்தைக்குக் காய்ச்சல் கொதித்தது. அப்போதுதான் எனக்குத் தொலைபேசி வந்தது. இங்கே பெரிய மருத்துவமனைக்கு நான்தான் அழைத்துப்போனேன். அந்த அம்மா டாக்டர் பழைய சீட்டுகளைப் புரட்டினார், நிமிர்ந்து பார்க்கவேயில்லை. "இந்த வயசுல ஒவ்வொரு மாசமும் தங்கம். முதல்லயே வந்திருந்தா கருவி வச்சு இதுக்குள்ள பேச ஆரம்பிச்சிருப்பா. இப்ப சீழ் ஆறணும், அதுக்கப்புறம்தான் கத்தி வைக்க முடியும்" என்றார்.

வெளியே வந்து ஷுஃபென் அழவில்லை. குழந்தைக்குக் குல்லாய் போட்டுவிட்டுக்கொண்டே கேட்டாள்: "உன் கம்பெனியாச்சே, அதுல முதல்ல வந்தா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன். நிங் பார்த்துத்தானே போட்டிருப்பான்னு அவர்கிட்டகூடச் சொன்னேன். நீ பார்க்கறதில்லையா?"

நான் என்ன பதில் சொல்வது, நீ சொல். பார்க்கத்தான் பார்த்தேன், போட்டிக்காரி ஊரைவிட்டுப் போனதும் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்றா?

எனக்கு உங்கள் மேலும் கோபம்தான். மறைக்கப் போவதில்லை. உங்கள் முதலாளிகள் கொள்கையை உரக்கச் சொன்னார்கள், உலகமே கைதட்டியது, விமானம் ஏறிவிட்டார்கள். நியாயமாகவே இருக்கட்டும். அரசு விடைகளை மறைக்கச் சொன்னால் மறைக்க மாட்டோம் என்று போகிறவர்களை நான் குறைசொல்ல முடியாது. மறைத்துக்கொண்டு இங்கே உட்கார்ந்திருக்கிறவள் நான். ஆனால் போகிறவர்களுக்கு ஒரு நியாயம் கிடைத்தது. இருக்கிறவர்களுக்கு என்ன கிடைத்தது? நம் மக்களில் எத்தனை பேர் உங்களிடம் தேடினார்கள், நாலில் ஒரு பங்குகூட இருக்காது. என் அப்பாவுக்கு உங்கள் பெயரை எழுத்துக்கூட்டவே வராது. ஆனால் நீங்கள் சாலைக்கு அந்தப் பக்கம் இருந்தது உங்களிடம் தேடாதவர்களுக்கும் உதவியது. இது உங்கள் முதலாளிகளுக்கும் தெரியாது, எங்கள் முதலாளிக்கும் தெரியாது. நம் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

ஆண்டுக் கடைசியில் ஒரு பெரிய கூட்டம் இருக்கிறது. எனக்கும் கொஞ்ச நேரம் கொடுத்திருக்கிறார்கள், வழியனுப்புவதுபோல. சும்மா விடமாட்டேன்.

கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வெளியே போ. நீ போடமாட்டாய்.

இப்படிக்கு,
கோபத்தோடும் அன்போடும்,
ஷுவே நிங்


பெய்ஜிங்
மார்ச் 2011

பிரியமுள்ள ஜியா,

உன் கடிதமும் சாக்லேட்டும் புத்தாண்டு வசந்த விழாவுக்கு முன்பே வந்து சேர்ந்தன. சாக்லேட்டில் பாதியை என் அப்பா யாருக்கும் தெரியாமல் முடித்துவிட்டார். பதில் தாமதமானதற்குக் காரணம் உண்டு. நல்ல செய்தி ஒன்று வரட்டும், அதோடு சேர்த்து எழுதலாம் என்று காத்திருந்தேன்.

முதலில் கூட்டத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஹாங்காங் வழியாக உங்கள் தேடல் பக்கம் இன்னும் திறக்கிறதே, அதை வைத்துப் பழையபடி ஒப்பிட்டுக் காட்டலாம் என்று நினைத்தேன். முந்தின நாள் முயன்று பார்த்தபோது நன்றாகத்தான் வந்தது. அன்றைக்கு அத்தனை பேர் முன்னால், திரையில், "குழந்தைக்குக் காது" என்று தட்டினேன். சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு வெள்ளைத் திரை, இணைப்பு அறுந்தது என்று. பின்வரிசையிலிருந்து சக ஊழியன் லுவோ பின், "கூப்பிட்டா எடுக்கவே மாட்டேங்கறாங்க நிங், உன்மேல கோபம் போல" என்றான். அரங்கமே சிரித்தது. பெங்கும் சிரித்தார். "பார்த்துக்குங்க, இதான் நம்ம போட்டியாளர்" என்று திரையைக் காட்டினார். எனக்குக் காதெல்லாம் சுட்டது. அவமானத்தில் பாதி உன்னுடையது, உனக்கும் அனுப்பிவைக்கிறேன்.

ஆனால் நான் மாற்று ஏற்பாடு வைத்திருந்தேன். இடதும் வலதுமாக இரண்டு பக்கங்களைக் காட்டினேன், பெயர் இல்லாமல். அதே கேள்விதான். உங்கள் வீட்டுக் குழந்தையாக நினைத்துக்கொள்ளுங்கள், எதை நம்பிக் கிளம்புவீர்கள், கைதூக்குங்கள் என்றேன். வலது பக்கத்துக்கே அத்தனை கையும். லுவோ பின் கை முதல் கை. அவன் மனைவிக்கு அப்போது மாதம் நெருங்கியிருந்தது. பெங், "சரி, வலது பக்கம் அவங்கதானே? தெரிஞ்ச கதை. போனவங்களப் பத்தி இன்னும் எத்தனை நாளைக்குப் பேசுவ?" என்று கேட்டார்.

"ரெண்டும் நாமதான்" என்றேன். "வலது பக்கம், அவங்க இருந்தப்ப இருந்த வென்லு. இடது பக்கம், இன்னிக்குக் காலையில வென்லு."

லுவோ பின் தூக்கியிருந்த கையை இறக்கினான்.

இங்கே நான் எழுந்து வீர வசனம் பேசினேன் என்று எழுத ஆசைதான். பேசவில்லை. மைமையின் பெயரைக்கூட எடுக்கவில்லை. எடுத்திருந்தால் சொந்த விஷயத்தைக் கொண்டுவந்துவிட்டாள் என்று அதோடு மூடியிருப்பார்கள். இன்னும் பல நோய்களின் பெயரைப் போட்டு இப்படியே காட்ட வைத்திருந்தேன். பெங் நேரமாகிவிட்டது என்று விளக்கைப் போடச் சொன்னார்.

மறுநாள் அவருடைய அறைக்குக் கூப்பிட்டார். "நல்ல வேலை செஞ்சிருக்க, நான் மறுக்கல. அந்தக் கேள்வியச் சரிபண்ணியாச்சு, போய்ப் பாரு" என்றார். போய்ப் பார்த்தேன். உண்மைதான். அரசு மருத்துவமனைகள் மேலே வந்திருந்தன. எனக்கு ஒரு நிமிடம் அழுகையே வந்தது. பிறகு ஒரு சந்தேகத்தில் "குழந்தைக்கு" என்பதை எடுத்துவிட்டு "தாத்தாவுக்குக் காது கேட்கவில்லை" என்று தட்டினேன். அதே நிலையம், அதே முதல் வரி. "சிறுநீரகம்" என்று தட்டினேன். "தோலில் வெண்புள்ளி" என்று தட்டினேன். எல்லாம் பழையபடி. நான் திரையில் காட்டிய ஒரே ஒரு கேள்வியை மட்டும் யாரோ கையால் எடுத்து மேலே வைத்திருக்கிறார்கள், விருந்தாளி வருகிறார் என்று வாசலை மட்டும் கூட்டியதுபோல.

திரும்பப் போய்ச் சண்டை போட்டேன். மற்றவையும் அப்படித்தானே என்றேன். "ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி ஒரு வாடிக்கையாளர் இருக்கார், நிங். அவங்களால தான் உனக்கும் எனக்கும் சோறு" என்றார். நோயாளி யாருடைய வாடிக்கையாளர் என்று கேட்டேன். அதற்கு அவர், "அவங்க வேற எங்க போயிடுவாங்க?" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, ஜியா. நிஜமாகவே கேட்டார். அந்தக் கேள்விதான் இந்தக் குளிர்காலம் முழுக்க என்னை அரித்தது.

என் குழுவைக் கலைத்துவிட்டார்கள். நான் இப்போது வரைபடப் பிரிவில் இருக்கிறேன். தெருக்களுக்குப் பெயர் சரிபார்க்கிறேன். ஒரு சந்தின் பெயரைத் தவறாகப் போட்டால் உடனே யாராவது திட்டி எழுதுகிறார்கள். அந்தத் திட்டைப் படிக்கச் சுகமாக இருக்கிறது. இன்னொன்று கேள். மைமை விஷயம் எப்படியோ பெங்கின் காதுக்கு எட்டி, மருத்துவமனைக்கு ஒரு பழக்கூடை அனுப்பினார். மேலே வென்லுவின் சின்னம் ஒட்டியிருந்தது. ஷுஃபென் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கூடையைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பக்கத்துக் கட்டில்காரர்களிடம் கொடுத்துவிட்டாள். "நாங்க பழம் சாப்பிடறதில்ல" என்றாளாம். பாவ்திங்கில் பழம் சாப்பிடாத குடும்பம்!

அவள் குளிர்காலம் முழுவதும் என்னிடம் சரியாகப் பேசவில்லை. அறுவைச் சிகிச்சையன்று நான் போனேன். நாற்காலியில் இடம் விட்டாளே தவிர முகம் கொடுக்கவில்லை. அத்தான்தான், "விடு நிங், அவளுக்கு யாரையாவது திட்டணும், அந்த வெள்ளைக்கோட்டுக்காரன் கடையப் பூட்டிட்டு ஓடிட்டான், நீதான் கைக்குக் கிடைச்ச" என்று சமாதானம் சொன்னார். அந்த இடத்தில் இப்போது வேறு பெயரில் வேறு பலகை தொங்குகிறதாம்.

போன வாரம் ஷுஃபென் தானாகவே கூப்பிட்டாள். கருவியை முடுக்கிவிடும் நாள், நீயும் வா என்றாள். போனேன். சின்ன அறை, தரையில் பொம்மைகள். கருவியைப் பார்க்கும் பெண் கணினியில் ஏதோ அழுத்திவிட்டு மெதுவாக மேசையைத் தட்டினாள். மைமை ஒரு மரக்கட்டையை வாயில் வைத்திருந்தாள். அப்படியே நின்றுவிட்டாள். கட்டை கீழே விழுந்தது; விழுந்த சத்தத்துக்குத் துள்ளினாள். பிறகு வீலென்று அழுது, அந்த அழுகைச் சத்தத்துக்கே மிரண்டு, அம்மாவின் கோட்டுக்குள் தலையை நுழைத்துக்கொண்டாள். ஷுஃபென் அவளைக் கட்டிக்கொண்டு கத்தினாள்: "பயப்படறாடி! நிங், பாரு, சத்தம்னு தெரிஞ்சு பயப்படறா!" அத்தான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

டாக்டர் சந்தோஷப்பட்டார், ஆனால் அளவோடு. மற்ற குழந்தைகளைவிட இவளுக்கு அதிகப் பயிற்சி வேண்டும், பேச்சு மெள்ளத்தான் வரும், முழுசாக வருமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார். போன ஆறு மாதத்தை அவரால் திருப்பித் தர முடியாது. யாராலும் முடியாது.

இனிமேல் எழுதப் போவதுதான் எனக்கு நெஞ்சில் நிற்கிறது. வெளியே நடையில் நின்றபோது ஷுஃபென் தொலைபேசியை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "பேச்சுப் பயிற்சி எங்க தர்றாங்கன்னு பார்க்கணும். என்னன்னு தேடினா சரியா வரும், நீ சொல்லு" என்றாள். அவ்வளவுக்குப் பிறகும் என்னிடம்தான் கேட்கிறாள். நான் அவள் கையிலிருந்து தொலைபேசியை வாங்கி அணைத்தேன். "தேடாதக்கா. நானே நேர்ல போய் விசாரிச்சுச் சொல்றேன்" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அப்ப அக்கா தங்கச்சி அங்க வேலை பார்க்காதவங்க எல்லாம் என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டாள். எங்கள் கம்பெனியின் பெயருக்கே "வழி கேள்" என்றுதான் அர்த்தம். அங்கே எட்டு வருஷமாக வேலை செய்கிறவள், கேட்காதே என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நீ எழுதியிருந்தாய்: "உன் பேரைச் சொல்லி வச்சிருக்கேன், கிளம்பி வா, ரெண்டு பேரும் ஒரே பக்கத்துல வேலை பார்க்கலாம்" என்று. நன்றி, ஜியா. பொய் சொல்லவில்லை, இரண்டு நாள் அந்த வரியையே படித்துக்கொண்டிருந்தேன். ஏரிக்கரையில் நீயும் நானும் நடப்பதுபோல நினைத்துப் பார்த்தேன். ஆனால் நானும் வந்துவிட்டால் இங்கே திரும்பிப் பார்க்கிறவர்களில் ஒருத்தி குறைந்துவிடுவாள். தவிர, உன்னோடு ஒரே பக்கத்தில் நின்று எனக்குப் பழக்கமில்லை. அது எப்படி இருக்குமோ, பயமாகக்கூட இருக்கிறது.

அதற்குப் பதிலாக ஒன்று கேட்கிறேன், மறுக்காதே. எங்கள் பக்கம் அங்கே நன்றாகவே திறக்கும். வெளியிலிருந்து உள்ளே பார்க்க யாரும் தடுப்பதில்லை. உனக்கு ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் வென்லுவில் எதையாவது தேடு. நோய், மருந்து, பள்ளிக்கூடம், எதையாவது. எங்கே மோசம், எங்கே ஏமாற்று, உங்கள் பக்கத்தில் அதற்கு என்ன வருகிறது என்று பார்த்து எனக்கு எழுது. இனிப்பாக எழுதாதே. "என்னடி வேலை பார்க்கற, வெட்கமா இல்ல?" என்று திட்டி எழுது. லுவோ பின்னுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது; இப்போது அவன் என்னைக் கிண்டல் செய்வதில்லை, போன வாரம் தானாக வந்து, "அந்த மத்த கேள்வியெல்லாம் வச்சிருக்கியா?" என்று கேட்டான். உன் திட்டுகளைக் கொண்டுபோய் முதலில் அவனிடம் காட்டுவேன். பிறகு அவனையும் கூட்டிக்கொண்டு பெங்கிடம் போவேன். அவர் தேநீர் ஊற்றிக்கொடுப்பார். குடித்துவிட்டு மறுபடி போவேன்.

வூதாவ்கோவில் மணல் காற்று ஆரம்பித்துவிட்டது. ஜன்னலை மூடினாலும் காகிதத்தில் வந்து படிகிறது. உனக்குக் கையில் கரகரவென்று பட்டால் அது ஊர் மண், துடைத்துப் போட்டுவிடாதே. நீ நன்றாக இருக்க வேண்டும். உன் வேலை சிறக்க வேண்டும். உங்கள் பக்கம் எங்களுடையதைவிட எப்போதும் ஒரு படி மேலே இருக்க வேண்டும் என்று மனசார வாழ்த்துகிறேன். அந்த ஒரு படிக்காகவாவது எங்கள் ஆட்கள் ஒரு நாள் தலையைத் தூக்குவார்கள்.

உன்னிடம் தோற்பதற்காகக் காத்திருக்கும்,
ஷுவே நிங்